சிகாகோ நடுவர்கள் பார்க்காத உலாவி

2006 ஏப்ரலுக்குப் பிறகு மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் உலவியவர்களுக்கு ஒரு சின்ன எரிச்சல் நினைவிருக்கலாம். பக்கம் திறந்துவிடும். அதிலுள்ள ஃபிளாஷ் படமும் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் படத்துக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சுட்டியை அருகே கொண்டுபோனால் படத்தைச் சுற்றி ஒரு சட்டம் தோன்றும். இதை இயக்கிப் பயன்படுத்த வேண்டுமானால் கிளிக் செய்யுங்கள் என்று ஒரு குறிப்பு மிதக்கும். ஒருமுறை அழுத்தினால் சட்டம் மறையும். இரண்டாவது அழுத்தில்தான் பொத்தான் வேலை செய்யும். ஒரே பக்கத்தில் நான்கு படங்கள் இருந்தால் நான்குக்கும் தனித்தனியாக இதே சடங்கு.

பார்ப்பவருக்கு இது மென்பொருள் கோளாறாகவே தெரியும். உண்மையில் அந்த முதல் அழுத்து, அமெரிக்கக் காப்புரிமை எண் 5,838,906-இல் உள்ள ஒரே ஒரு சொல்லுக்காக வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. ‘தானாகவே’ என்பது அந்தச் சொல்.

வழக்கறிஞர்கள் ‘906’ என்று சுருக்கமாகக் குறிப்பிடும் இந்தக் காப்புரிமையின் கதை 1994-இல் தொடங்குகிறது. அதன் வாரிசுகளையும் சேர்த்தால் 2024 வரை நீள்கிறது. இடையில் இரண்டு ஜூரிகள், அதாவது இரண்டு நடுவர் குழுக்கள், இதே காப்புரிமையை விசாரித்து நேரெதிரான முடிவுகளுக்கு வந்தன. முதல் குழு 52 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. இரண்டாவது குழு காப்புரிமையே செல்லாது என்றது. இந்த முரணுக்குப் பல விளக்கங்கள் உலவுகின்றன. என் கணிப்பில் காரணம் ஒன்றுதான்: முதல் குழுவின் கண்ணில் படாமல் தடுக்கப்பட்ட சாட்சியம், இரண்டாவது குழுவின் முன் வந்து உட்கார்ந்தது.

கருவின் படமும் பக்கத்துக்குள் ஒரு சாளரமும்

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் மைக்கேல் டாயில், டேவிட் மார்ட்டின், சியோங் ஆங் ஆகிய மூவரும் 1993-இல் எதிர்கொண்டது ஒரு நடைமுறைச் சிக்கல். மனிதக் கரு வளரும் நிலைகளை முப்பரிமாணத்தில் காட்டும் திட்டம் ஒன்றில் டாயில் ஈடுபட்டிருந்தார். அத்தகைய படத்தைச் சுழற்றவும் வெட்டிப் பார்க்கவும் அந்தக் காலத்து மேசைக் கணினிக்குத் தெம்பு போதாது. கணக்கை எங்கோ இருக்கும் வலிமையான கணினிகள் போடட்டும், மருத்துவர் தன் இடத்தில் இருந்தபடி இணையப் பக்கத்தில் படத்தைத் திருப்பிப் பார்க்கட்டும் என்பது யோசனை.

அன்றைக்குப் பரவிக்கொண்டிருந்த மொசைக் உலாவியில் இதற்கு வழியில்லை. தனக்குத் தெரியாத வகைக் கோப்பு வந்தால் மொசைக் அதை வேறொரு துணை நிரலிடம் ஒப்படைத்துவிடும். அது தனிச் சாளரத்தில் திறக்கும். பக்கம் ஓரிடம், படம் ஓரிடம். டாயில் குழு மொசைக்கை மாற்றியமைத்து, பக்கத்தின் நடுவிலேயே அந்த நிரல் ஓடும்படி செய்தது. வாசிப்பவர் பக்கத்தை விட்டு நகராமலே கருவின் படத்தைச் சுழற்றலாம்.

1994 அக்டோபர் 17 அன்று விண்ணப்பம் போடப்பட்டது. 1998 நவம்பர் 17 அன்று காப்புரிமை கிடைத்தது. உரிமையாளர் பல்கலைக்கழகம், அதை முழு உரிமத்துடன் பெற்றுக்கொண்டது டாயில் தொடங்கிய இயோலாஸ் என்ற நிறுவனம்.

காப்புரிமையில் எடை முழுவதும் உரிமைகோரல் பகுதியில்தான் இருக்கும். முன்னுரையும் வரைபடங்களும் அலங்காரம். வேலி எங்கே ஓடுகிறது என்பதை உரிமைகோரலின் சொற்களே தீர்மானிக்கும். 906-இன் வேலி இப்படி ஓடியது: உலாவி ஒரு பக்கத்தைப் பெறுகிறது, பக்கத்தின் எழுத்துகளுக்கு நடுவே, இங்கே ஒரு பொருளைப் பதிக்கவும் என்ற குறி இருக்கிறது, அந்தப் பொருள் என்ன வகை என்பதைக் கொண்டு, அதை இயக்கக்கூடிய வெளி நிரலை உலாவி கண்டுபிடிக்கிறது, அந்த நிரலைத் தானாகவே அழைத்து, அதே சாளரத்துக்குள், அதே பக்கத்தில், பயனர் அதனோடு ஊடாடும்படி செய்கிறது.

விண்ணப்பம் போட்டபோது இப்படிச் செய்யும் உலாவிகள் அபூர்வம். காப்புரிமை கைக்கு வந்தபோதோ நெட்ஸ்கேப்பின் பிளக்-இன், ஜாவா ஆப்லெட், மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் எனப் பக்கத்துக்குள் நிரலை ஓட்டும் வசதிகள் எல்லாமே இந்த வேலிக்குள் வரக்கூடும் என்ற நிலை. நான்கு ஆண்டு காத்திருப்பில் ஒரு சிறு தோட்டத்தின் வேலி ஊரையே வளைத்துவிட்டது.

1 டாலர் 47 சென்ட்

1999 பிப்ரவரியில் சிகாகோவிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் மீது இயோலாஸ் வழக்குத் தொடுத்தது; பல்கலைக்கழகமும் வாதியாக நின்றது. நீதிபதி ஜேம்ஸ் ஸேகல். 2003 ஆகஸ்ட் 11 அன்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காப்புரிமையை மீறியிருக்கிறது. விண்டோஸின் ஒவ்வொரு பிரதிக்கும் 1 டாலர் 47 சென்ட் வீதம் ராயல்டி தர வேண்டும். கணக்கில் வந்த பிரதிகள் சுமார் 35 கோடியே 40 லட்சம். மொத்தம் 52 கோடியே 6 லட்சம் டாலர். 2004 ஜனவரியில் வட்டியும் சேர்ந்து தொகை 56 கோடியைத் தாண்டியது. மேற்கொண்டு விற்பதற்குத் தடையாணையும் வந்தது. மேல்முறையீடு முடியும்வரை அது நிறுத்திவைக்கப்பட்டது.

இந்தத் தீர்ப்பு வந்த விதத்தில்தான் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது. அதைப் பார்க்க, பெர்க்லியில் படித்த ஒரு மாணவரிடம் போக வேண்டும்.

பெய்-யுவான் வேய் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்தவர். காப்புரிமைக்குச் சொந்தமான அதே பல்கலைக்கழகம், வளைகுடாவின் மறுகரை. ஆப்பிளின் ஹைப்பர்கார்ட் என்ற மென்பொருளைப் பார்த்து ஈர்க்கப்பட்டு, யூனிக்ஸ் கணினிகளுக்காக வயோலா என்ற நிரல்மொழியை அவர் உருவாக்கினார். அதன்மேல் எழுந்த உலாவிதான் வயோலா-டபிள்யுடபிள்யுடபிள்யு. 1992-இல் வெளிவந்தது, மொசைக் வருவதற்கு முன்பு, வலை பிறந்த செர்ன் ஆய்வகமே பரிந்துரைத்த உலாவி அது. பக்கத்துக்குள் சிறு நிரல்களைப் பதிக்கும் வசதி அதன் இயல்பிலேயே இருந்தது.

1993 மே 7 அன்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு பொறியாளர்களுக்கு வேய் தன் உலாவியை இயக்கிக் காட்டினார். பக்கத்துக்குள்ளேயே முப்பரிமாண வரைபடம் ஒன்றை வரைந்து காட்டும் நிரலும் அந்தச் செயல்விளக்கத்தில் இருந்தது. வெளியே சொல்லக்கூடாது என்று யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அந்த மாத இறுதியில் மேம்படுத்திய பதிப்பை இணையத்தில் யாரும் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு, அந்தப் பொறியாளர்களில் ஒருவருக்குத் தகவலும் அனுப்பினார்.

இப்போது தேதிகளை அடுக்கிப் பாருங்கள். டாயில் குழுவின் கருத்து உருவான நாளாக வழக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது 1993 செப்டம்பர் 7. விண்ணப்பத்துக்குச் சரியாக ஓராண்டு முந்தைய நாள் 1993 அக்டோபர் 17. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு தேதிகளுக்கும் தனித்தனி வேலை உண்டு. கண்டுபிடிப்புக்கு முன்பே அமெரிக்காவில் பிறருக்குத் தெரிந்திருந்தாலோ பிறர் பயன்படுத்தியிருந்தாலோ காப்புரிமை விழும். விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் முன்னரே பொதுப் பயன்பாட்டுக்கு வந்திருந்தாலும் விழும். மே 7 என்பது இரண்டு கோடுகளுக்கும் முன்னால் நிற்கிறது.

இது போதாதா என்று தோன்றும். சிகாகோவில் போதவில்லை. முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை என்றிருந்த அந்தக் காலச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: முதலில் கண்டுபிடித்தவர் அதைக் கைவிட்டிருந்தாலோ ஒளித்து வைத்திருந்தாலோ, அவருடைய முன்னுரிமை கணக்கில் வராது. வேய் மே மாதத் தொடக்கத்தில் காட்டிய பதிப்பை மாத இறுதியிலேயே மாற்றிவிட்டார், ஆகவே முதல் பதிப்பைக் கைவிட்டுவிட்டார் என்றே ஆகிறது என ஸேகல் முடிவு செய்தார். அதுவும் சட்டப் பிரச்சினையாகவே முடிவு செய்துவிட்டதால், காப்புரிமை செல்லுமா என்ற கேள்வியில் வயோலாவை எடைபோடும் வாய்ப்பே நடுவர்களுக்குக் கிடைக்கவில்லை.

நிரல் எழுதும் எவருக்கும் இந்த வாதம் விசித்திரமாகப் படும். மூன்று வாரத்தில் புதிய பதிப்பு வெளியிடுகிறவன் பழையதைக் கைவிட்டான் என்றால், உலகில் கைவிடப்படாத மென்பொருளே இருக்காது. ஆனாலும் ஸேகலைக் குறைசொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அந்தச் சட்டம் எழுதப்பட்டது இயந்திரங்களையும் வேதிப்பொருள்களையும் மனத்தில் வைத்து. பட்டறையில் ஒரு மாதிரியைச் செய்து பரணில் போட்டுவிட்டு, பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் சிரமப்பட்டு உலகுக்குக் கொண்டுவந்ததும், நான்தான் முதல் என்று வந்து நிற்பவரைத் தடுப்பதற்கான விதி அது. வாராவாரம் மாறும் பொருள் ஒன்று அதன்முன் வந்து நிற்கும் என்று அதை எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது.

டிம் பெர்னர்ஸ்-லீயின் கடிதம்

தீர்ப்பு வந்ததும் பதறியது மைக்ரோசாஃப்ட் மட்டுமல்ல. உலாவி மாறினால், பக்கத்துக்குள் பொருளைப் பதிக்கும் ஆப்ஜெக்ட், எம்பெட் குறிகளைப் பயன்படுத்திய அத்தனை பக்கங்களும் மாற வேண்டும். வழக்கமாக மைக்ரோசாஃப்ட் தோற்றால் மகிழக்கூடியவர்கள்கூட இந்த முறை அதன் பக்கம் நின்றார்கள். வலையைக் கண்டுபிடித்தவரும், அதற்கான தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பின் அன்றைய இயக்குநருமான டிம் பெர்னர்ஸ்-லீ, 2003 அக்டோபர் இறுதியில் காப்புரிமை அலுவலகத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோகனுக்குக் கடிதம் எழுதி மறுஆய்வு கோரினார். தன்னுடைய, டேவ் ரேகெட்டினுடைய பழைய எழுத்துகளை ஆதாரமாக இணைத்தார். ரேகெட் 1993-இலேயே, வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்-லின் அடுத்த வடிவத்துக்கான வரைவில், பிற நிரல்கள் தரும் உள்ளடக்கத்தைப் பக்கத்துக்குள் பதிப்பதற்கு ஒரு குறியை முன்மொழிந்திருந்தார்.

அலுவலகத் தலைவரே முன்வந்து மறுஆய்வுக்கு உத்தரவிட்டார். அது அரிதாக நடப்பது. 2004-இல் வந்த முதற்கட்ட முடிவு உரிமைகோரல்களை நிராகரித்தது; 906 கதை முடிந்தது என்று செய்திகளும் வந்தன. ஆனால் 2005 செப்டம்பரில் அலுவலகம் தன் நிலையை மாற்றிக்கொண்டு காப்புரிமையை உறுதிப்படுத்தியது.

இந்த மறுஆய்வின் வரம்பைப் பலரும் கவனிப்பதில்லை. அச்சிட்ட வெளியீடுகளையும் முந்தைய காப்புரிமைகளையும் வைத்துத்தான் அலுவலகம் இதை நடத்த முடியும். ஓர் அறையில் இரண்டு பேருக்கு இயக்கிக் காட்டியது பொதுப் பயன்பாடா என்பதையெல்லாம் விசாரிக்க அங்கே இடமில்லை. சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதும் அங்கில்லை. வேயின் மே 7 அதற்கு எட்டாத தேதி.

அந்தத் தேதிக்கு உயிர் கொடுத்தது மேல்முறையீட்டு நீதிமன்றமான ஃபெடரல் சர்க்யூட். 2005 மார்ச் 2 அன்று அது ஸேகலின் முடிவை ரத்து செய்தது. ஒரு பொருளை மேம்படுத்துவது அதைக் கைவிடுவதாகாது. இரகசிய ஒப்பந்தம் ஏதுமின்றிப் பிறருக்குக் காட்டியதை ஒளித்து வைத்ததாகச் சொல்ல முடியாது. வயோலா நடுவர்கள் முன் போயிருக்க வேண்டும் என்றது. கூடவே கூர்மையான இன்னொரு விஷயத்தையும் திறந்துவிட்டது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே வயோலாவைப் பற்றி டாயிலுக்குத் தெரிந்திருந்தது. அதைக் காப்புரிமை அலுவலகத்திடம் சொல்லவில்லை. வயோலா கைவிடப்பட்டது என்றால் சொல்லாதது பெரிய குற்றமில்லை. கைவிடப்படவில்லை என்றால்? அதையும் மீண்டும் விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

இயோலாஸுக்கும் அந்தத் தீர்ப்பில் ஒரு வெற்றி இருந்தது. வெளிநாடுகளில் படியெடுப்பதற்காக அமெரிக்காவிலிருந்து அனுப்பப்படும் மூல வட்டில் உள்ள நிரலும் காப்புரிமைக்குட்பட்ட பொருளின் உறுப்பே; ஆகவே வெளிநாட்டு விற்பனையும் கணக்கில் சேரும் என்பது நிலைத்தது. அந்த வெற்றியும் இரண்டு ஆண்டுதான் தாங்கியது. 2007 ஏப்ரலில், ஏடி அண்டு டி தொடுத்திருந்த வேறொரு வழக்கில், வெளிநாட்டில் எடுக்கப்படும் பிரதிகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்டவை ஆகா என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சொல்லைத் தாண்டிய வேலை

வழக்கு மறுவிசாரணைக்குக் காத்திருந்த நாள்களில்தான் மைக்ரோசாஃப்ட் அந்த இரட்டை அழுத்தைக் கொண்டுவந்தது. பொறியியலாகப் பார்த்தால் அபத்தம்; உரிமைகோரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கச்சிதம். ஊடாடலை உலாவி தானாகவே தொடங்கினால்தானே மீறல்? பயனரே தொடங்கட்டும்.

இதைவிடச் சுவையானது விதிவிலக்கு. பக்கத்தில் நேரடியாக ஆப்ஜெக்ட் குறியை எழுதியிருந்தால் அழுத்த வேண்டும். அதே குறியை ஜாவாஸ்கிரிப்ட் வழியாக எழுதச் செய்து, அந்த ஸ்கிரிப்ட்டைப் பக்கத்துக்குள்ளேயே வைத்திருந்தாலும் அழுத்த வேண்டும். ஸ்கிரிப்ட்டைத் தனிக் கோப்பாக வெளியே வைத்து அழைத்தால் மட்டும் அழுத்த வேண்டியதில்லை! இந்த வழியை மைக்ரோசாஃப்டே நிரலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கணினிக்கு இந்த மூன்றிலும் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு காப்புரிமையின் வாசகத்தில் இருக்கிறது: பதிக்கும் குறி அந்தப் பக்கத்தின் எழுத்துகளுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது அது. குறியை இன்னொரு கோப்புக்கு நகர்த்தினால் வேலிக்கு வெளியே ஒரு கால் வைத்தாயிற்று. அந்த ஆண்டில் எழுதப்பட்ட எத்தனையோ தளங்களில் ஒரே ஒரு வரி கொண்ட குட்டி ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் முளைத்ததற்கு இதுதான் காரணம் என்பது என் வாசிப்பு.

2007 ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நிபந்தனைகளை வெளியிடவில்லை. 2008-இல் இரட்டை அழுத்து உலாவியிலிருந்து எடுக்கப்பட்டது. சிகாகோவில் மறுவிசாரணை நடக்கவேயில்லை. வேயின் செயல்விளக்கம் இன்னமும் எந்த நடுவர் குழுவின் முன்பும் எடைபோடப்படாமல் இருந்தது.

டைலர், டெக்சஸ்

2009 அக்டோபர் 6 அன்று இயோலாஸுக்கு அதே குடும்பத்திலிருந்து இரண்டாவது காப்புரிமை கிடைத்தது: எண் 7,599,985. அதே நாளில் டெக்சஸின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டது. உலாவியே செய்யாத நிறுவனங்களும் பட்டியலில் இருந்தன. ஆப்பிள், கூகுள், யாகூ, அமேசான், அடோபி என்பது ஒருபக்கம். துணிக்கடைச் சங்கிலியான ஜே.சி. பென்னி, வங்கியான சிட்டி குழுமம், உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் ஃப்ரிட்டோ-லே என்பது மறுபக்கம். தளத்தில் ஊடாடும் படம் ஒன்று இருந்தாலே போதும். பலர் பணம் கொடுத்து ஒதுங்கினார்கள். கூகுள், அமேசான், யாகூ, அடோபி, ஜே.சி. பென்னி உள்ளிட்ட சிலர் ஒதுங்கவில்லை.

காப்புரிமை வைத்திருப்பவர்களுக்குச் சாதகமான ஊர் என்று அந்த நீதிமன்றம் கூடிய டைலருக்குப் பெயர். வாதி தேர்ந்தெடுத்த களம். நீதிபதி லெனார்ட் டேவிஸ் விசாரணையைப் பிரித்து, காப்புரிமை செல்லுமா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டார். செல்லும் என்றால் மட்டுமே மீறலும் பணமும். கோரப்பட்ட தொகை 60 கோடி டாலருக்கும் மேல். சிகாகோவில் மீறல், இழப்பீடு என்ற பேச்சின் நடுவே கரைந்துபோன கேள்வி, இங்கே தனியாக மேசைமேல் வைக்கப்பட்டது. நடுவர்கள் கவனிக்க வேறெதுவும் இல்லை.

2012 பிப்ரவரியில் வேய் சாட்சிக் கூண்டில் ஏறினார். பெர்னர்ஸ்-லீயும் ரேகெட்டும் ஏறினார்கள். வலையைக் கண்டுபிடித்தவரே வந்து 1990-களின் தொடக்கத்தில் யார் என்ன செய்தார்கள் என்று விவரிப்பதைப் பத்துப் பன்னிரண்டு ஆவணங்கள் ஈடுசெய்யாது. ஆனால் என் பார்வையில் கனமான சாட்சி அவரல்லர், வேய்தான். மற்ற இருவரும் கருத்து அப்போதே நிலவியது என்று சொல்ல முடியும். வேயால், அதைச் செய்து, இன்ன நாளில், இன்னாருக்கு இயக்கிக் காட்டினேன் என்று சொல்ல முடியும். அவர் காப்புரிமை வாங்கவில்லை, வழக்குப் போடவில்லை, இதில் அவருக்கு ராயல்டி ஏதும் இல்லை.

பிப்ரவரி 9 அன்று, சில மணிநேர ஆலோசனைக்குப் பிறகு, நடுவர்கள் இரண்டு காப்புரிமைகளின் வழக்கிலிருந்த உரிமைகோரல்களும் செல்லாதவை என்றார்கள். மீறலைப் பற்றிய கட்டம் தொடங்கவே தேவைப்படவில்லை.

2013 ஜூலையில் ஃபெடரல் சர்க்யூட் இதை உறுதிசெய்தது. 2005-இல் வயோலாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அதே நீதிமன்றம், இந்த முறை விளக்கம் ஏதுமில்லாமல், உறுதிசெய்யப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது வாரிசு ஒன்றும் உண்டு. 2015 நவம்பர் 24 அன்று 9,195,507 என்ற எண்ணில் இன்னொரு காப்புரிமை கிடைத்தது. உடனே கூகுள், அமேசான், வால்மார்ட் மீது வழக்கு. 906 உயிரோடு இருந்திருந்தாலும் ஒரு வாரம் முன்பு அதன் 17 ஆண்டு ஆயுள் முடிந்திருக்கும். பிளக்-இன்களின் ஆயுளும் முடிந்துகொண்டிருந்த ஆண்டு அது. நெட்ஸ்கேப் காலத்துப் பிளக்-இன் முறையைக் குரோம் உலாவி அந்தச் செப்டம்பரில்தான் அடியோடு நீக்கியிருந்தது. வழக்கு கலிபோர்னியாவுக்கு மாற்றப்பட்டது. 2022-இல் நீதிபதி ஜான் டைகர், காப்புரிமை பெறத் தகுதியில்லாத அருவக் கருத்து இது என்று தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் ஃபெடரல் சர்க்யூட்டும் ஒப்புக்கொண்டது. யார் முதலில் செய்தார்கள் என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு தொடத் தேவையில்லாமல் போயிற்று.

ஆக, 1993 மே 7 அன்று அந்த இரண்டு பொறியாளர்கள் திரையில் பார்த்தது 906 கோரியதைத்தானா என்பதற்கு, நீதிபதி எவரும் எழுதிவைத்த விடை கிடையாது. இருப்பது டைலர் நடுவர்களின் முடிவு மட்டும். நடுவர்கள் காரணம் எழுதுவதில்லை.